காக்டெயில் மோதிரத்துக்கு இன்னும் மவுசு உண்டா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்

மோதிரம் என்றால் நம் வீடுகளில் இரண்டு வகைதான். கல்யாணத்துக்குப் போட்டது ஒன்று. ஆபத்துக்கு அடகு வைப்பது மற்றொன்று. பெரும்பாலும் இரண்டும் ஒரே மோதிரமாகத்தான் இருக்கும். அப்படியிருக்க, மாலை விருந்துக்குப் போட்டுக்கொண்டு போவதற்கென்றே ஒரு மோதிரம், அதற்குக் குடிபானத்தின் பெயர், அதைப் பற்றி ஆண்டு மலரில் ஒரு கட்டுரை என்றால் மாணவ நண்பர்கள் நகைக்கக்கூடும். பேராசிரியப் பெருமக்களும் புருவத்தை உயர்த்தக்கூடும். காரணம் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. அதற்குள் 212 சிவப்புக் கற்கள் இருந்தன.

திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே உள்ள ஒரு சிற்றூர் எங்களுடையது. செயற்கைக் கற்களைப் பட்டை தீட்டும் தொழிலுக்கு இந்த வட்டாரம் ஒரு காலத்தில் பேர் பெற்றிருந்தது. திண்ணையில் சாணைத் தட்டைப் போட்டுக்கொண்டு அப்பா, அம்மா, அத்தை, சித்தப்பா என்று குடும்பமே உட்கார்ந்து கல் தீட்டும். என் தந்தையார் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுப் பட்டறைக்குப் போனவர். மூக்குத்திக்கும் தோட்டுக்கும் எள்ளளவு, கடுகளவு கல் தீட்டியே அவர் கண்ணாடி போடும் நிலைக்கு வந்தார். 2008-ஆம் ஆண்டின் நடுவில் ஒரு வியாபாரி வந்தாராம். பெரிய கல் வேண்டும். நீளம் 12 மில்லிமீட்டர், அகலம் 10 மில்லிமீட்டர், நீள்வட்டம், நல்ல சிவப்பு. வெளிநாட்டில் 'காக்டெயில் ரிங்' என்று ஒன்று ஓடுகிறது, எத்தனை கொடுத்தாலும் எடுத்துக்கொள்கிறேன் என்றாராம். அப்பா கடன் வாங்கிச் சரக்கு எடுத்தார். கார்த்திகைக்குள் கல் முடிந்தது. வியாபாரி வரவில்லை. பிறகும் வரவில்லை.

அப்போது எனக்கு மூன்று வயது. இப்போது அப்பா நகரத்தில் ஒரு கடையில் இரவுக் காவல் வேலை பார்க்கிறார். போன பொங்கல் விடுமுறையில் பரண் ஒதுக்கும்போது டின் கைக்கு வந்தது. அதைத் திறந்து பார்த்துக்கொண்டே அப்பா கேட்டார்: "பாப்பா, நீதான் காலேஜுல படிக்கிறியே. அந்தப் பெரிய மோதிரமெல்லாம் இன்னும் யாராச்சும் போடுறாங்களா, இல்ல அந்த ஃபேஷன் போயிடுச்சா? விசாரிச்சுச் சொல்லு."

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். என் படிப்பிடம் அப்பா கேட்ட முதல் கேள்வியும் இதுதான். நூலகத்திலும் கைபேசியிலும் தேடியதை இங்கே எழுதுகிறேன்.

பெயர் வந்த கதை

'காக்டெயில்' என்ற சொல்லைப் பிரித்தால் சேவலின் வால் என்று பொருள் வரும். மதுவோடு வேறு பொருள்களைக் கலந்து தரும் பானத்துக்கு அந்தப் பெயர் எப்படியோ ஒட்டிக்கொண்டது. 1806-ஆம் ஆண்டிலேயே நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் என்ற ஊர்ப் பத்திரிகை ஒன்று, வாசகர் கேட்ட கேள்விக்கு விடையாக, மதுவும் சர்க்கரையும் தண்ணீரும் கசப்புச் சாறும் சேர்ந்ததே காக்டெயில் என்று விளக்கம் எழுதியது. ஆகவே பானம் பழையது. மோதிரம் அதற்கு ஒரு நூற்றாண்டு இளையது.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் அரசியலமைப்பின் 18-ஆவது திருத்தப்படி 1920 ஜனவரி 17 முதல் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. 1933 டிசம்பர் 5 அன்று 21-ஆவது திருத்தம் அதை நீக்கியது. இடையில் ஏறத்தாழ 14 ஆண்டுகள். சட்டம் மதுவைக் காய்ச்சுவதையும் விற்பதையும் கொண்டுசெல்வதையும் தடுத்ததே தவிர, குடிப்பதைக் குற்றமாக்கவில்லை. அந்தச் சந்தில் புகுந்து ஊரெங்கும் மறைவான குடிக்கூடங்கள் முளைத்தன. 'ஸ்பீக்ஈஸி' என்று அவற்றுக்குப் பெயர். வாசலில் நின்று மெதுவாகப் பேசு என்பது பொருள். திருட்டுச் சரக்கின் நாற்றத்தையும் காட்டத்தையும் மறைக்கப் பழச்சாறும் தேனும் கலந்தார்கள். கலவைப் பானத்துக்கு மதிப்பு ஏறியது.

நம் கதைக்கு முக்கியமானது வேறொன்று. முன்பிருந்த சாராயக் கடைகள் பெரும்பாலும் ஆண்களின் இடமாகவே இருந்தன. இந்த மறைவிடங்களிலோ பெண்களும் மேசையில் சமமாக அமர்ந்தார்கள். அதே 1920-இல்தான் அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை அரசியலமைப்பில் ஏறியது. தட்டெழுத்து, தொலைபேசி, கடைவிற்பனை என்று வேலைக்குப் போய்க் கூலி வாங்கிய பெண்கள் பெருகியிருந்தார்கள். தலைமயிரைக் குட்டையாக வெட்டிக்கொண்டார்கள். மாலை உடையில் சட்டைக் கை மறைந்தது.

அந்நாட்டு வழக்கப்படி நிச்சயதார்த்த மோதிரமும் திருமண மோதிரமும் இடக்கை விரலுக்கு உரியவை. அவை ஆண் போட்டுவிடுபவை. வலக்கை விரல் வெறுமையாக இருந்தது. கோப்பை ஏந்துவதும் அந்தக் கைதான். அந்த விரலில் எடுப்பான பெரிய கல் வைத்த மோதிரத்தைப் பெண்கள் தாங்களே வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். காக்டெயில் மோதிரம் என்பது இதுதான். கல் பெரிது, சுற்றிலும் சிறு கற்கள் இருக்கலாம், பூ, குவிமாடம், படிக்கட்டு என எந்த வடிவமும் ஆகலாம். கல் விலையுயர்ந்ததாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தூரத்திலிருந்து தெரிய வேண்டும், அவ்வளவே.

சட்டத்தை மீறும் துணிச்சலிலிருந்துதான் இந்த மோதிரம் பிறந்தது என்று நகை வணிகர்கள் சுவையாகச் சொல்வது வழக்கம். இதை நான் முழுவதும் ஒப்பவில்லை. பெரிய மோதிரத்தின் மேல் ஆசை எந்தச் சட்டத்துக்கும் முந்தியது. 1920-களில் வெறுங்கை வெளியே தெரிந்தது. மாலை நேரத்தில் மின்விளக்கு எரிந்தது. பெண்ணின் கையில் சொந்தக் காசு இருந்தது. மலிவான அழகிய கல் கடையில் கிடைத்தது. இவை நான்கும் கூடாவிட்டால் துணிச்சல் மட்டும் ஒரு மோதிரத்தைச் செய்துவிடாது. நான்காவது காரணத்தில்தான் என் பாடமும் என் அப்பாவின் தொழிலும் வந்து சேர்கின்றன.

பாத்திரம் இல்லாத சமையல்

மாணிக்கம் என்பது வேதியியலில் அலுமினியம் ஆக்சைடு. நம் ஆய்வகத்தில் வெள்ளைத் தூளாகப் புட்டியில் இருக்கும் அதே பொருள்தான். அது படிகமானால் குருந்தக்கல். அதில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்கு குரோமியம் அலுமினியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டால் மாணிக்கம். குரோமிய அயனி வெள்ளொளியிலிருந்து பச்சையையும் ஊதாவையும் விழுங்கிவிட்டுச் சிவப்பை வெளியே விடுகிறது. தானும் சிவப்பாக ஒளிர்கிறது. இதே குரோமியம் பெரில் என்னும் வேறு படிகத்துக்குள் போய் உட்கார்ந்தால் மரகதத்தின் பச்சையைக் கொடுக்கும். ஒரே அயனி, வீடு மாறினால் நிறம் மாறுகிறது. இரண்டாம் ஆண்டில் இதைப் படித்த அன்று, வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். "அப்படியா? நாங்க ரெண்டையும் ஒரே தட்டுலதான் தீட்டுவோம்" என்றார்.

மாணிக்கத்தைச் செய்து பார்க்கும் ஆசை பழையது. சிக்கல் என்னவென்றால் அலுமினா உருக ஏறத்தாழ 2,050 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்தச் சூட்டில் எந்தப் பாத்திரத்தில் உருக்குவது? பாத்திரமே இளகும், அல்லது உருகியதோடு கலந்து கெடுக்கும். பாரிஸ் நகரத்து வேதியியலார் ஓகுஸ்த் வெர்னாய் பாத்திரத்தையே விட்டுவிட்டார். 1891, 1892-ஆம் ஆண்டுகளில் தம் முறையை எழுதி, முத்திரையிட்டு, அறிவியல் கழகத்தில் வைத்துவிட்டு, 1902-இல் உலகுக்கு அறிவித்தார்.

முறை இது. மேலே ஒரு சிறு சல்லடைக் கூடையில் குரோமியம் கலந்த அலுமினா நுண்தூள். ஒரு சுத்தியல் கூடையைத் தட்டிக்கொண்டே இருக்கும்; தட்டத் தட்டத் தூள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொரியும். அது ஆக்சிஜன் காற்றோடு இறங்கி, ஹைட்ரஜன் சுடருக்குள் விழுந்து, பறக்கும்போதே உருகும். கீழே ஒரு தண்டு காத்திருக்கும். அதன் தலையில் உருகிய தூள் படிந்து உறையும். உறைய உறையத் தண்டை மெல்ல இறக்கினால், கிழங்குபோல் ஒரு கட்டி வளரும். சில மணி நேரத்தில் விரல் பருமனுக்கு மாணிக்கம். குளிர்ந்ததும் உள்ளே அழுத்தம் தேங்கியிருப்பதால், ஒரு தட்டுத் தட்டினால் நீளவாட்டில் இரண்டாகப் பிளக்கும். அப்பாவின் பட்டறைக்கு வந்ததும் இத்தகைய பிளந்த கட்டிகள்தான். சில ஆண்டுகளில் இரும்பும் டைட்டானியமும் சேர்த்து நீலக்கல்லையும் வெர்னாய் செய்துவிட்டார்.

இதைக் கண்ணாடி என்று எண்ணிவிடக்கூடாது. சுரங்கத்து மாணிக்கத்துக்கும் இதற்கும் பொருளிலும் கடினத்திலும் ஒளிவிலகலிலும் வேறுபாடு இல்லை. உருப்பெருக்கியில் பார்த்தால்தான் வேறுபாடு. சுரங்கக் கல்லின் வளர்ச்சிக் கோடுகள் நேராகவும் கோணமாகவும் இருக்கும். சுடரில் வளர்ந்த கல்லின் கோடுகள் இசைத்தட்டின் வரிகளைப்போல் வளைந்திருக்கும், காற்றுக் குமிழியும் இருக்கும். சுவிட்சர்லாந்தின் கைக்கடிகாரங்களுக்குள் சக்கர அச்சைத் தாங்கியதும் இதே மாணிக்கம். சுவிஸ் கூட்டோடு நம் மேட்டுப்பாளையத்திலும் இத்தகைய கற்கட்டிகளைச் செய்யும் தொழிற்சாலை ஒன்று நடந்தது. 1920-களிலும் 1940-களிலும் செய்த மேனாட்டு மோதிரங்களில் சுடரில் பிறந்த மாணிக்கமும் நீலமும் தாராளமாக உண்டு.

கட்டி கல்லாவது எப்படி என்பதையும் இரண்டு வரியில் சொல்லவேண்டும். வைரத் தூள் ஏற்றிய தகட்டால் அறுத்து, உருட்டி, குச்சியின் நுனியில் அரக்கு வைத்து ஒட்டுவார்கள். சுழலும் தட்டில் குச்சியைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு பட்டையாக இழைப்பார்கள். மேல்பாதி முடிந்ததும் அரக்கை இளக்கிக் கல்லைக் கவிழ்த்து ஒட்டிக் கீழ்ப்பாதி. பிறகு எல்லாப் பட்டைகளையும் மறுபடி மெருகுத் தட்டில் காட்ட வேண்டும். சாய்மானம் சற்றுத் தப்பினாலும் மேலே விழுந்த ஒளி அடிவழியே ஒழுகிப் போய்விடும். கல்லின் நடுவில் சன்னல் வைத்தாற்போல் வெளிறித் தெரியும். சிறு கல்லில் அது தெரியாது. பெரிய கல்லில் ஊரே பார்க்கும். அதனால்தான் மோதிரக் கல் என்றால் பட்டறையில் எல்லாருக்கும் கொடுக்கமாட்டார்கள். ஒரு கல்லுக்கு 57 பட்டை என்று வைத்தால் 212 கல்லுக்கு 12,084 பட்டை. மெருகையும் சேர்த்தால் இரண்டு மடங்கு. நிற்க.

போரும் புகழும்

இரண்டாம் உலகப் போர் இந்த மோதிரத்தை ஒழிக்கும் என்று நினைப்போம், வளர்த்துவிட்டது. 1942-இல் அமெரிக்க அரசு பிளாட்டினத்தைப் போர்த்தேவைக்கு ஒதுக்கியது. நகை செய்வோர் மஞ்சள் தங்கத்துக்கும் செந்நிறத் தங்கத்துக்கும் திரும்பினார்கள். அதே ஆண்டு பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதால் மொகோக் மாணிக்கம் வரும் வழியும் அடைபட்டது. எனவே விலை குறைந்த சிட்ரின், செவ்வந்திக்கல், கடல்நீலக்கல் முதலியவற்றைப் பெரிது பெரிதாக வைத்தார்கள். ஓரத்தில் செயற்கை மாணிக்கம். 1947-இல் பாரிஸில் கிறிஸ்தியான் தியோர் அகன்ற பாவாடை உடைகளைக் கொண்டுவந்த பிறகு, மாலை விருந்தும் அதற்குரிய உடையும் அதற்குரிய மோதிரமும் நடுத்தர வீடுகளுக்கும் போயின. 1950-கள்தாம் இதன் உச்சம்.

பிறகு 1960-களின் இறுதியில் இளைஞர்கள் விருந்து உடையையே கைவிட்டார்கள். அம்மாவின் மோதிரமாகிவிட்டது. ஆனால் அதே காலத்தில்தான் நடிகை எலிசபெத் டெய்லருக்காக ரிச்சர்ட் பர்ட்டன் 1968-இல் 3,05,000 டாலர் கொடுத்து 33.19 காரட் வைரமோதிரம் ஒன்றை வாங்கினார். அந்த அம்மையார் அதை அன்றாடம் போட்டுக்கொண்டு திரிந்தார். அவர் மறைந்த 2011-இல் அது 88 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இது வேறு உலகம். நாம் வேடிக்கை பார்த்துவிட்டு நகரலாம்.

1980-களில் பெரிய மோதிரம் மீண்டும் வந்தது. 1990-களில் மெல்லிய கம்பி நகை வந்து அதைத் தள்ளியது. 2003-இல் டி பியர்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் 'வலக்கை மோதிரம்' என்று பெரிய விளம்பர இயக்கம் நடத்தியது. இடக்கை 'நாம்' என்கிறது, வலக்கை 'நான்' என்கிறது என்பது அதன் சாரம். 1920-களின் பெண்கள் யாரும் சொல்லித்தராமல் செய்ததை, எண்பது ஆண்டு கழித்து வைரக் கம்பெனி சொல்லித்தந்து காசாக்கியது! அந்த அலை நம் ஊர்த் திண்ணையைத் தொட்ட நேரத்தில்தான் 2008 வந்தது என்று நினைக்கிறேன்.

அப்பாவின் டின் மூடிய ஆண்டு

2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க நிதி நிறுவனம் திவாலானது. கடைகள் சரக்கு எடுப்பதை நிறுத்தின. ஆடம்பரப் பொருள்தானே முதலில் நிற்கும்? அப்பா கல்லை முடித்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து. எங்கள் தெருவில் லேமன் என்ற பேரை யாரும் கேட்டதில்லை, இன்றும் கேட்டதில்லை.

நான் முதலில் நினைத்தது, ஃபேஷன் போனதால்தான் வியாபாரி வரவில்லை என்று. தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோது கணக்கு ஒத்துவரவில்லை. 2009 பிப்ரவரியில் ஆஸ்கார் விழாவுக்கு ஏஞ்சலினா ஜோலி 65 காரட் மரகதம் வைத்த மோதிரத்தோடு வந்தார். உலகப் பத்திரிகைகள் எல்லாம் படம் போட்டன. ஐந்து காரட் ஒரு கிராம். அந்தக் கல் மட்டுமே 13 கிராம். அந்தப் படம் வந்த வாரத்தில் எங்கள் டின் பரணில் ஏறி மூன்று மாதம் ஆகியிருந்தது. ஆக ஃபேஷன் இருந்தது. வாங்கும் காசு நின்றது.

காசு திரும்பி வந்தபோது வேறொன்று நடந்திருந்தது. சீனாவின் குவாங்சி மாநிலத்தில் வூசோ என்றொரு நகரம். செயற்கைக் கல்லுக்கு உலகத் தலைநகர் என்றே சொல்லலாம். அங்கே இயந்திரம் பல கற்களை ஒரே நேரத்தில் ஒரே அளவாகத் தீட்டியது. அப்பா ஒரு கல்லைக் கவிழ்த்து ஒட்டுவதற்குள் அங்கே ஒரு தட்டு நிறையும். எங்கள் ஊரில் ஒவ்வொரு திண்ணையாகச் சாணை நின்றது. சிலர் இன்னும் தீட்டுகிறார்கள். அவர்கள் பிள்ளைகள் யாரும் தீட்டவில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

ஆய்வகத்தில் ஒரு மாலை

அப்பாவுக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. "அந்த ஆள் வராததுக்கு என் கல்லுல ஏதாவது குத்தமோ? கட்டி வித்தவன் கண்ணாடியைத் தலையில கட்டிட்டானோ?" என்பார். இதையாவது தீர்த்துவைக்கலாம் என்று எங்கள் துறை ஆசிரியரின் அனுமதியோடு பத்துக் கற்களை ஆய்வகத்துக்கு எடுத்துப் போனேன்.

பழைய ஆர்க்கிமிடீஸ் முறைதான். பத்துக் கல்லின் எடை காற்றில் 12.40 கிராம். நூலில் கட்டிய சிறு கண்ணித் தட்டில் வைத்து நீருக்குள் தொங்கவிட்டு, தட்டின் எடையைக் கழித்தால் 9.30 கிராம். வேறுபாடு 3.10. வகுத்தால் அடர்த்தி 4.0. குருந்தக்கல்லின் அடர்த்தி அதுவே. சாதாரணக் கண்ணாடி 2.5-க்கு அருகில் நிற்கும். கியூபிக் சிர்கோனியா என்றால் 5.6-க்கு மேல் போகும். ஈயம் கலந்த கண்ணாடியின் அடர்த்தி 4 வரைகூட ஏறலாம் என்பதால், நண்பி ஒருத்தி நினைவூட்டியபடி, ஒரு குவார்ட்ஸ் துண்டில் கல்லின் விளிம்பை இழுத்துப் பார்த்தோம். கோடு விழுந்தது. ஈயக் கண்ணாடியால் குவார்ட்ஸைக் கீற முடியாது. கடைசியாக இயற்பியல் துறை நுண்ணோக்கியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது ஆறாவது கல்லில் வளைந்த வரிகள் தெரிந்தன. வெர்னாயின் சுடர் போட்ட வரிகள்! எல்லாக் கல்லிலும் நடுவில் சன்னல் இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன். ஒன்றில் மட்டும் ஒரு பட்டை சற்று அகலம். அதை அப்பாவிடம் சொன்னபோது, "அது உங்க சித்தப்பா தீட்டினது" என்றார், பார்க்காமலே.

அப்படியானால் விடை என்ன?

மவுசு இருக்கிறது என்பதே என் முடிபு. மாலை விருந்தோடு மோதிரத்துக்கு இருந்த கட்டு அறுந்துவிட்டது. பெயர் மட்டும் தங்கிவிட்டது. மேனாட்டுப் பெண்கள் இன்று காற்சட்டையோடும் அதைப் போடுகிறார்கள், அலுவலகத்துக்கும் போடுகிறார்கள், பாட்டியின் மோதிரத்தைத் தேடி எடுத்தும் போடுகிறார்கள். நம் நகரத்து நகைக்கடைகளில் கல்யாண வரவேற்புக்கென்று 'காக்டெயில் ரிங்' தனித் தட்டில் இருக்கிறது. அதை வாங்குகிற நம் பெண்களில் பலர் மதுவை முகர்ந்தும் பார்த்திருக்கமாட்டார்கள். விரலில் திரும்பிவிடுகிறது, புடவை நூலை இழுக்கிறது என்று குறைசொல்லிக்கொண்டே போடுகிறார்கள். ஒரு நூற்றாண்டில் பலமுறை செத்துப் பிழைத்த பொருளை இனி யாரும் எளிதில் புதைக்க முடியாது.

ஆனால் அப்பாவின் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: தன் கல்லுக்கு விலை உண்டா என்று. திருச்சியில் ஒரு கடையில் காட்டினேன். தீட்டியிருக்கும் விதத்தைப் பார்த்து, "கை வேலையா?" என்று கேட்டுவிட்டு, கல்லுக்கு 25 ரூபாய் என்றார்கள். 212 கல்லுக்கு 5,300 ரூபாய். கடனின் வட்டிக்குக்கூட காணாது.

இன்று பெரிய மோதிரங்களில் மின்னுவது பெரும்பாலும் கியூபிக் சிர்கோனியா. அதை வளர்க்கும் முறையை 1970-களில் செம்மைப்படுத்தியது மாஸ்கோவின் லெபதேவ் இயற்பியல் நிறுவனம். நாமோ அதற்கு 'அமெரிக்கன் டைமண்ட்' என்று பேர் வைத்திருக்கிறோம்! அதற்கும் மேலே ஆய்வகத்தில் வளர்த்த வைரம் வந்துவிட்டது. அது போலி அன்று. கரியே படிகமான மெய்வைரம். 1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் முதலில் அது கைகூடியபோது மணல் அளவுதான். 2018-இல் டி பியர்ஸ் நிறுவனமே ஆய்வக வைரத்தைக் காரட் 800 டாலருக்கு விற்கப் புறப்பட்டது; விலை சரிந்துகொண்டே போய் 2025-இல் அந்தக் கடையை மூடப்போவதாக அறிவித்தது. சூரத்தில் இந்த வைரம் வளர்கிறது. 2023-இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐந்து ஆண்டுகளுக்கு 242 கோடி ரூபாயை மத்திய அரசு இந்த ஆராய்ச்சிக்காக ஒதுக்கியது. அந்தச் செய்தியை வெட்டி என் பதிவேட்டில் ஒட்டியிருக்கிறேன். எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு அங்கே போக வேண்டும் என்பது என் ஆசை. கல் வளர்க்கக் கோடிகள் ஒதுக்குகிறார்கள். அதைக் கையால் தீட்டத் தெரிந்தவர் இரவெல்லாம் ஒரு கடை வாசலில் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இதை எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

இவ்வளவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சொன்னேன். கல் மெய்யான கல், தீட்டியதில் பழுதில்லை, ஃபேஷனும் போகவில்லை என்றேன். அப்பா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் டின்னிலிருந்து ஒரு கல்லை எடுத்துக்கொண்டு போய் ஊர்ப் பத்தரிடம் கொடுத்து வெள்ளியில் மோதிரம் கட்டி வாங்கி வந்தார். எந்தக் கையில் போடுவது என்று என்னிடம் கேட்டார். வலக்கை என்றேன், கோப்பை பிடிக்கிற கை, அதுதான் முறை என்று விளக்கினேன்.

"வலது கையில போட்டுக்கிட்டு நான் எப்படிச் சோறு பிசையறது?" என்று சொல்லி அம்மா அதை இடக்கையில் மாட்டிக்கொண்டார். டின்னில் இப்போது 211 கற்கள் இருக்கின்றன.